மூக்கருகே வைத்த கை

உவாஜிமா ஊரில் வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற குவபாராவுக்கு இப்போது இரண்டே வேலைகள். பகலில் தூங்குவது, சாயங்காலம் பொதுக்குளியல் கூடத்துக்குப் போவது. அங்கே மாதாமாதம் மூன்றடிக் கிண்டல் கவிதைப் போட்டி நடக்கும். ஜெயித்த கவிதையைச் சுவரில் ஒட்டுவார்கள். பரிசாக ஒரு பெட்டி ஆரஞ்சு உண்டு.

அன்று துண்டும் கையுமாக நின்று அதைப் படித்தார்.

மூச்சு இருக்கா என்று
மூக்கருகே கை வைத்தேன்.
“சாப்பாடு ஆச்சா?” என்றார்.

கீழே ‘பெயர் வேண்டாம்’ என்று புனைபெயர். பெண்கள் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது.

குவபாரா சிரிக்கவில்லை. போன வாரம்தான் கண் விழித்தபோது மனைவி மிசாவோவின் கை அவர் மூக்குக்கு நேரே இருந்தது. கேட்டதற்குக் கொசு என்றாள். பனிக்காலத்தில் ஏது கொசு?

‘நீயா எழுதினே?’ என்று நேரே கேட்கத் தைரியம் இல்லை. மறுநாள் பகல் முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டு விழித்திருந்தார். சாயங்காலம் அரிசியைக் கழுவி வைத்தார். சோறு குழைந்துபோனது.

“ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்றாள் மிசாவோ.

“ஒண்ணுமில்ல. மூச்சு நல்லாவே வருது.”

குளியல் கூடத்தில் விசாரித்தால், அவரைப் போலவே பாதிப் பேர் சோறு வடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தன் பெண்டாட்டி மேல்தான் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பெட்டியை வாங்க யார் வருகிறார்கள் என்று எல்லாரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். டோஃபு கடைக்கார இவகிரி வந்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“நீங்களா எழுதினது?” என்றார் குவபாரா.

“ஆமா. எங்க வீட்ல தூங்குறது அவ, சமைக்கிறது நான். ‘என்றார்’னு மரியாதையா எழுதினா ஆம்பளைன்னு நீங்களா நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?”

குவபாரா வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு வந்தார். “மிசாவோ! அதை எழுதினது நீ இல்லயாம்!”

“நான்னு யார் சொன்னா? நான் அனுப்பினது வேற. அதை எடுக்கல.”

குவபாராவின் முகம் தொங்கிப்போனது. “நீயும் அனுப்பினியா? சொல்லு, கேப்போம்.”

மிசாவோ தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“பஸ் வேலை விட்டாச்சு.
குளிர்பெட்டி திறந்தாலும்
‘கதவு மூடுது!’”

பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவை மூடும்போது குவபாரா கூவிய வார்த்தைகள் அவை. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது.

“இதையா தள்ளினாங்க? அந்த டோஃபுக்காரன் எழுதினதை விட இது எவ்வளவோ மேல்! யார் நடுவர்? குளியல் கூடத்து ஹமாதா அம்மாவா?”

“விடுங்க. உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்கேன். வெளிய தெரிஞ்சா உங்க மானந்தான் போகும்.”

“போனா போகட்டும்!”

செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி குளியல் கூடத்துக்கே ஓடினார். கல்லாவில் உட்கார்ந்திருந்த ஹமாதா அம்மாவின் முன்னால் நின்று, இரண்டு பக்கமும் கேட்கும்படி, பழைய பஸ் குரலில் மனைவியின் கவிதையை முழங்கினார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கிழவி கத்தினாள். “அய்யோ, அது நம்ம மிசாவோ வீட்டுக்காரர்தான்!”

“ஆமா, நான்தான்!” என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.