வாசலை விட்டுப் போனவள்

ஆன்லைன் விளையாட்டில் தோற்றதும் கூட ஆடியவர் மேல் பழியைத் தூக்கிப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முகம் தெரியாது, ஊர் தெரியாது, அதனால் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள் என்று விட்டுவிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மேல் பழி போட்டவள் என் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தாள்.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நானும் அவளும் கொழுந்து எடுக்கிறோம். வரிசையாக வீடு கட்டிய லயத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். நான் செல்போனில் ஆடும் விளையாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான், அணியில் சேர்த்துவிட்டதும் நான்தான். மற்ற இருவர் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலை பார்க்கும் அண்ணன் தம்பி. நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம்.

நாலு பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்க வேண்டும். நாலு வாசல், ஆளுக்கு ஒன்று. ஒரு வாசல் உடைந்தாலும் ஆட்டம் முடிந்தது. அடுத்த வாரம் ஒரு போட்டி இருந்தது. அண்ணன்காரன் முன்பே சொல்லிவிட்டான்: அவர்கள் மச்சான் ஒருவன் நன்றாக ஆடுவானாம், இன்றைக்கு யாரால் தோற்கிறோமோ அவருக்குப் பதில் அவன். எனக்கு அந்த இடம் வேண்டும். வாரம் ஆறு நாள் சாக்கும் கையுமாக மலை ஏறுகிற என்னை, ‘நல்லா ஆடுறீங்கக்கா’ என்று சொல்ல வேறு இடம் இல்லை.

செல்போனுக்கு ரேஞ்ச் கிடைப்பது காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துப் படியில் மட்டும்தான். மத்தியானம் சாப்பிட்ட கையோடு அங்கே போய் உட்கார்ந்தோம். என் வாசலுக்கு வந்த கூட்டத்தை முடித்து மூச்சு விட்டபோது அவள் முழங்கையால் இடித்தாள். இயர்போன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “ஏட்டி, ஓடியா, என்னைய சுத்திட்டானுவ” என்றாள். ஓடினேன்.

எங்கள் வேலையில் அப்படித்தான். தேயிலைக் காட்டில் ஆளுக்கு ஒரு நிரை பிரித்துவிடுவார்கள். தன் நிரையை முடித்தவள் பக்கத்து நிரையில் பிந்தியவளுக்குக் கை கொடுப்பாள். அதற்கு யோசிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவளைக் காப்பாற்றிவிட்டேன். அதற்குள் என் வாசல் உடைந்துவிட்டது.

“யாரு வாசலை விட்டது?” என்றான் அண்ணன்காரன்.

“இவதான். நான் கூப்பிடவே இல்ல. இவளா வந்துட்டா” என்றாள்.

பக்கத்திலிருந்து ஒரு தரம் கேட்டது, ஒரு நொடி கழித்து இயர்போனில் மறுபடி கேட்டது. ஒரே பொய்யை இரண்டு தரம் கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும். திரும்பிப் பார்த்தேன். அவள் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் அவள் இடம் போயிருக்கும். திறக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். முகம் தெரியாததால் பழி போடுகிறார்கள் என்று நான் நினைத்தது தப்பு. இவள் என்னை நன்றாகத் தெரிந்ததால் போட்டாள். சாயங்காலமே என் இடத்துக்கு மச்சான் வந்துவிட்டான்.

திங்கட்கிழமை எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நிரை. நான் முடித்தபோது அவளுக்கு இன்னும் பத்துப் பதினைந்து செடி பாக்கி. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சாக்கைக் கட்டிக்கொண்டு பாதையில் போய் நின்றேன். எடை போடுகிற நேரம் நெருங்கியதும் சூப்பர்வைசர் என்னிடம் வந்தார்.

“சும்மாதான நிக்கிற. அவளுக்குக் கை கொடுத்தா என்ன?”

“அவ கூப்பிடல சார்” என்றேன்.

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு தலை நிமிராமல் கிள்ள ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பதினோரு வருடமாக அந்தக் காட்டில் வேலை செய்கிறேன். நிரையில் ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.