மேல்கொடியில் கடைசி கிளிப்

"அதை எடுக்காதடா. அது இன்னும் முடியல."

ஈரப் போர்வையின் ஒரு முனை துவார்த்தேயிடம் இருந்தது, மறுமுனை அவன் அம்மா இடலினாவிடம். அவன் கை மேல்கொடியில் தனியாகத் தொங்கிய நீல கிளிப்பை நோக்கிப் போயிருந்தது.

"கீழ்க்கொடியில அத்தனை கிடக்கே, அதுல எடு."

கீழ்க்கொடியிலிருந்து இரண்டை எடுத்துப் போர்வையை மாட்டினான். ஒன்றில் 'உலக வரலாறு' என்று மையால் எழுதியிருந்தது, மற்றொன்றில் 'புள்ளியியல்'. மே மாதச் சனிக்கிழமை, அம்மாவின் கடைசித் தேர்வுக்கு மறுநாள்; மதிப்பெண் இன்னும் வரவில்லை. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். செவ்வாய்க்கிழமை காலை, பேருந்துக் கொட்டகையில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இடலினா சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். கலிபோர்னியாவின் நடுச் சமவெளியில், பால் பண்ணைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களில் பாதி மாடு கறந்தது, மீதி எதையாவது ஓட்டியது. ரயில் பாதை வந்தால் பேருந்தை நிறுத்தி, கதவைத் திறந்து, "மூச்சு விடாதீங்க!" என்று பிள்ளைகளை அடக்கி, இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். அந்தப் பழக்கம் அவளைவிட்டுப் போகவில்லை. வீட்டுச் சமையலறைக்குள் நுழையும்போதும் வாசலில் ஒரு கணம் நின்று, இடமும் வலமும் பார்ப்பாள்.

ஐம்பத்து மூன்று வயதில் ஊரின் சமூகக் கல்லூரியில் சேர்ந்தாள். வரலாறு, அறிவியல், ஓவியம், கணக்கு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் படிக்கும் பொதுக்கலைப் பட்டம். முழுநேர மாணவர்களுக்கு இரண்டாண்டு, பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு முடியும்போது முடியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்குள் நேரே நுழைவது அவளுடைய திட்டம்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்" என்று சிரித்தாள் தங்கை ஒடீலியா. "இது படிப்பாக்கா, திருவிழாச் சாப்பாடா?"

"ஒரே ரோட்டுல ஓட்டிக்கிட்டு இருந்தவளுக்குத் திருவிழாச் சாப்பாடுதான்டி வேணும்."

"படிச்சு?"

"மூணாம் வகுப்பு டீச்சர். இத்தனை வருஷம் பிள்ளைங்களைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டேன். உள்ள என்னதான் நடக்குதுன்னு பாக்க வேண்டாமா?"

துணிக்கொடிதான் அவளுடைய திட்டப் பலகை. படிக்க வேண்டிய பாடங்கள் மேல்கொடியில், முடித்தவை கீழ்க்கொடியில். பல்கலைக்கழகமும் ஏற்கும் பாடத்துக்கு நீல கிளிப். கல்லூரிப் பட்டத்துக்கு மட்டும் செல்லும் பாடத்துக்கு மரக் கிளிப். "மரத்துல அதிகம் தொங்கினா நாம ஊர்லயே சுத்தறோம்னு அர்த்தம்" என்பாள். எந்தப் பிள்ளையை முதலில் ஏற்றினால் எந்தத் திருப்பம் மிச்சமாகும் என்று யோசிக்கிற மாதிரியே கிளிப்புகளை நகர்த்துவாள். கணக்கு முடியாமல் புள்ளியியல் ஏறாது. முதல் கட்டுரைப் பாடம் இறங்காமல் இரண்டாவது ஏறாது.

முடித்த பாடம் சும்மா தொங்கக்கூடாது என்பது சட்டம். கீழே இறங்கியது அன்றே துணியைத் தாங்க வேண்டும். துவார்த்தே பண்ணைகளில் பம்பு மோட்டார்களின் மின்பெட்டிகளைப் பழுதுபார்ப்பவன். 'மானுடவியல்' பிடித்த சட்டையையும் 'ஓவிய ரசனை' பிடித்த காலுறையையும் போட்டுக்கொண்டு வருடக்கணக்காக வேலைக்குப் போனான். அம்மாவின் கொடியில் ஒரு வயர்கூட இடம் மாறியிருக்காது என்று நினைப்பான்.

ஒன்று மாறியிருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போன பிறகு, டிசம்பரில், கல்லூரி ஆலோசகர் மிஸ் தாவ் அதைக் கண்டுபிடித்தார். இடலினா நிலவியல் பாடத்தை மாலை வகுப்பில் முடித்து நீல கிளிப்பில் இறக்கியிருந்தாள். பேருந்து ஓட்டுகிறவர்கள் எல்லோரும் மாலை வகுப்பைத்தான் எடுப்பார்கள். மாலை வகுப்பில் ஆய்வகம் கிடையாது.

"இதுல லேப் எங்கே, இடலினா?"

"கல்லைப் பத்திப் படிச்சேன், கல்லைத் தொடல. அவ்வளவுதானே?"

"அந்த அவ்வளவுதான் அவங்களுக்கு வேணும். வசந்த பருவத்துல, மே மாசத்துக்குள்ள, லேப் முடிக்கலன்னா இந்த வருஷம் சீட் இல்ல. லேப் மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான். நீங்க அப்போ பஸ்ஸுல இருப்பீங்க. அடுத்த வருஷம் போகலாமே?"

"அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லித்தான், நான் இறக்கிவிட்ட பிள்ளைங்க எல்லாம் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க."

வீட்டுக்கு வந்து நீல கிளிப்பைக் கழற்றி, மரக் கிளிப்பில் 'நிலவியல்' என்று எழுதிக் கீழே மாட்டினாள். புதிய நீல கிளிப்பில் 'கல் - லேப்' என்று எழுதி மேலே ஏற்றினாள். முகம் கழுவிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் கொட்டகையில் வழித்தடம் பிரிப்பார்கள். யார் மூத்தவரோ அவர் முதலில் கேட்கலாம். இடலினாதான் மூத்தவள். நகரத்து வழி அவளுடையது: நல்ல ரோடு, மாலை வரை வேலை, அதற்கேற்ற கூடுதல் சம்பளம். அடுத்த மூத்தவரான வெர்ஜில் அந்த வழிக்காகப் பல வருடங்களாக நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தார்.

மேற்பார்வையாளர் கிளாடிஸ் நிமிராமலேயே கேட்டாள். "இடலினா, வழக்கம்போல நகரம்தானே?"

இடலினா நின்றாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள்.

"ஆத்தோரப் பண்ணை வழி."

அறையில் ஒருவர் காபியைக் கீழே வைத்தார். ஆற்றோர வழியை எப்போதும் கடைசியாக வந்தவரின் தலையில்தான் கட்டுவார்கள். இருட்டில் கிளம்ப வேண்டும். ஜனவரியில் மூடுபனி முகப்பு விளக்கையே விழுங்கிவிடும். ஆனால் மழலை வகுப்புப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும்.

"ஏய் இடா, ஜுரமா உனக்கு?" என்றார் வெர்ஜில்.

"நகரத்தை நீ எடுத்துக்கோய்யா. மூணாவது தெருவுல ஒரு பையன் சீட்டுல பபிள்கம் ஒட்டுவான். உனக்குத்தான் அவன்."

அந்த ஜனவரியில் துவார்த்தே அம்மாவின் பேருந்துக்கு முன்னால், பனியில் வழிகாட்ட, தன் வண்டியை ஓட்டிப் போகலாம் என்று பார்த்தான். "எனக்கு வழி காட்டறியா நீ? போடா, போய்த் தூங்கு" என்று விரட்டிவிட்டாள். ஜன்னலைத் திறந்து வைத்து, பனிக்குள் மாட்டுச் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டு வளைவுகளைத் திருப்பினாள். ஒரு பிள்ளையைக்கூடத் தாமதமாக இறக்கவில்லை. இரண்டு மணிக்கு, பேருந்து ஓட்டுநர் சீருடை ஜாக்கெட்டோடு ஆய்வகத்தில் இருந்தாள்.

பிறகு எதைப் பார்த்தாலும், லேப்பில் கல்லைச் சோதிக்கிற மாதிரி, நகத்தால் கீறிப் பார்த்தாள். ஒரு ஞாயிறு ஒடீலியாவின் வீட்டில் சாலட் வினிகரைக் கையில் எடுத்துக்கொண்டு புதிய சலவைக்கல் மேசையை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா! அதை அதுமேல ஊத்தினா நீ என் அக்காவே இல்ல!"

"ஒரே ஒரு சொட்டுடி. அசல் சலவைக்கல்னா நுரைக்கும், பாக்கணும்."

நுரைத்தது. மேசையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது அதன்மேல் ஒடீலியா யாரையும் பூச்சாடி வைக்க விடுவதில்லை.

மார்ச்சில், லேப் முடித்தால் போதும் என்ற நிபந்தனையோடு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மறுநாள் விடியுமுன் இடலினா கொட்டகைக்குள் நுழைந்ததும் ஒரு பேருந்து ஹார்ன் அடித்தது. அடுத்தது அடித்தது. பிறகு மொத்த வரிசையும் அலறியது. பக்கத்துப் பண்ணையில் மாடுகள் எழுந்துகொண்டன. கிளாடிஸ் ஓடிவந்தாள்.

"என்னய்யா இது கூத்து?"

"காலைச் சோதனை மேடம்" என்றார் வெர்ஜில், ஹார்னிலிருந்து கை எடுக்காமல். "ஹார்ன் வேலை செய்யணும்னு சட்டம் இருக்கே."

நடுவில் நின்ற இடலினா அழுதுகொண்டே கையை ஆட்டினாள், குறுக்கே போகும் பிள்ளைகளுக்கு வழிவிடுகிற மாதிரி. ஜூனோடு வேலையை விடுவதாக அன்றே எழுதிக் கொடுத்தாள். "ஜாக்கெட்டைத் தொவைச்சு நானே கொண்டாந்து தர்றேன். அழுக்கா திருப்பிக் கொடுத்தாள்னு யாரும் சொல்லக்கூடாது."

அடக்கம் முடிந்த வாரத்தில், சமையலறையில் கிடந்த அவளுடைய போனில் வெளிச்சம் வந்தது. கல்லூரிச் செய்தி. ஆய்வகப் பாடத்தில் 'ஏ' கிரேடு, பட்டம் நிறைவு. துவார்த்தே இரண்டு முறை படித்தான். மிஸ் தாவை அழைத்தான்.

"இதுல எதுவும் பாக்கி இல்லையே?"

"எதுவும் இல்ல துவார்த்தே. எல்லாம் முடிச்சுட்டாங்க."

ஜாக்கெட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பையைத் துழாவினான். ஒரு சாக்குக்கட்டித் துண்டு, நகத்தால் கீறிய ஒரு கூழாங்கல். இரண்டையும் ஜன்னலில் வைத்துவிட்டு ஜாக்கெட்டைத் துவைத்தான்.

பின்கட்டு வாசலில் நின்று, இடமும் வலமும் பார்த்தான். பிறகு கையை உயர்த்தி மேல்கொடியிலிருந்து நீல கிளிப்பைக் கழற்றி, அம்மாவின் ஜாக்கெட்டைக் கீழ்க்கொடியில் அதனால் மாட்டினான்.