நர்ஸம்மாவின் சைபர்கள்

தினமும் காலை ஏழு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே நர்ஸம்மா மொட்டைமாடிக்கு வந்துவிடுவார். மழைமானியின் முன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிவார். தண்ணீர் மட்டமும் கண்ணும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் அளவு சரியாம். "நின்னுக்கிட்டே பாத்தா ஒண்ணு ரெண்டாத் தெரியும்" என்பார். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் மருந்துக் கிளாஸைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்த பழக்கம்.

இப்போது ஓய்வுபெற்று, கணவர், மகளோடு மூன்றாம் மாடியில் இருக்கிறார். பொதுமக்களிடம் மழையளவு வாங்கி ஆராயும் விஞ்ஞானி ஒருவருக்கு மாதம் ஒரு தபால் கார்டு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கார்டுக்குப் பதிலாகச் செல்போன் செயலியை வடிவமைத்த புண்ணியவான் நான்தான். மழையில்லாத நாளில் யாரையும் சிரமப்படுத்துவானேன் என்று, சைபர் போட்டால் 'அனுப்பு' பொத்தான் வேலை செய்யாதபடி வைத்தேன். பெரிய புத்திசாலித்தனம்!

கோடையில் முப்பத்தெட்டு நாள் சொட்டு மழையில்லை. நர்ஸம்மாவின் கட்டங்கள் காலியாகக் கிடக்கவே, கம்ப்யூட்டர் அவரைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. விஞ்ஞானி என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். "இருபத்தோரு வருஷமா ஒரு நாள் விடாதவங்கய்யா! நேர்ல போய்ப் பாருங்க."

போனேன். நர்ஸம்மா திட்டவில்லை. பழைய எக்ஸ்ரே உறையிலிருந்து ஒரு பதில் கார்டை உருவினார். விஞ்ஞானியின் கையெழுத்து: 'இம்மாதம் முழுக்கச் சைபர். மிக்க நன்றி.'

"ஒண்ணுமே பெய்யாததுக்கு நன்றி சொன்ன மனுஷன்! தபால்காரர் வேற படிச்சுட்டுத்தான் குடுப்பார். 'இந்த மாசம் நல்ல மழை போலம்மா'ன்னு படியிலேர்ந்தே கத்துவார். இப்ப போன்ல ஒரு டிக் வருது. அதையும் நிறுத்திட்டீங்க."

நான் பார்க்காத அந்தக் காலத்துக்காக எனக்கும் ஏக்கமாகத்தான் இருந்தது.

"சைபர் போகலைன்னா பாயிண்ட் ஒண்ணுன்னு போட்டு அனுப்பும்மான்னு தலையால அடிச்சுக்கிட்டேன் சார்" என்றாள் மகள்.

நர்ஸம்மா முறைத்தார். "இல்லாத ஜுரத்தை சார்ட்ல எழுதுவாங்களா? ஜுரம் இல்லைன்னா அதையும் எழுதணும். எழுதலைன்னா யாரும் பாக்கலைன்னு அர்த்தம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலு வருடப் படிப்பில் எவரும் இதைச் சொல்லித் தரவில்லை.

சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்து செயலியைச் சரிசெய்தேன். பட்டியலிலும் அவரைத் திரும்பச் சேர்த்தேன். விட்டுப்போன நாட்களுக்கு நானே மொத்தமாகச் சைபர் போட்டுவிடுகிறேன் என்றதும், "கையை எடுங்க" என்றார். தினமும் அளவு குறித்துவைக்கும் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, தேதி பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினார். கார்டு எழுதிய காலத்து நிதானம் அது. எனக்குத்தான் கால் மரத்துப்போயிற்று.

பத்தொன்பதாம் நாளில் விரல் நின்றது. நோட்டில் அந்த வரி காலி. கணவருக்கு ஆபரேஷன் நடந்த நாள்.

"அன்னிக்கும் மழை இல்லைம்மா, ஊருக்கே தெரியும். சைபர் போடு. இருபத்தோரு வருஷம் கட்டிக்காத்தது போயிடும்" என்று மகள் கெஞ்சினாள். போட்டுவிடுங்களேன் என்று நானும் சொன்னேன்.

"தெரியும்டி. மறுநாள் போய்ப் பாத்தேன், காய்ஞ்சுதான் கிடந்துச்சு." நோட்டின் காலி வரியைத் தொட்டுக் காட்டினார். "ஆனா அன்னிக்கு நான் பாக்கலையே."

அந்தக் கட்டத்தின் மேல் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அதைக் காலியாகவே விட்டுவிட்டு, அடுத்த தேதிக்குச் சைபர் போட்டார்.