முழங்கால் உயரத்தில் ஒரு விளக்கு

"கிரேஸை இங்கே அனுப்பி வையுங்கள். எங்கள் வீட்டுக்குக் கரண்டு விளக்கு வந்துவிட்டது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மண்ணெண்ணெய்க்குக் காத்துக் கிடக்க வேண்டாம்."

1943 ஆகஸ்டு 9ஆம் தேதியிட்டு, ராஜபாளையத்திலிருந்து என் சகலை தேவசகாயம் எழுதிய கார்டு. என் மகள் படிக்க அவர் வீட்டு வெளிச்சமா? நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவியோ அன்றைக்கே பிள்ளையின் பெட்டியைத் துடைத்து வைத்தாள். முதலில் நான் போய்ப் பார்த்து வருகிறேன் என்றேன்.

14ஆம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் 3.50. எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் ஏழு மைல், கட்டணம் மூன்றணா. யுத்தத்தில் பெட்ரோல் இல்லாததால் பஸ்ஸின் முதுகில் கரியடுப்பு; அந்தக் கரிப்புகையில்தான் வண்டி ஓடும். அதை ஊதிச் சூடேற்ற நாற்பது நிமிஷம். வழியில் ஒரு மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். முன்பெல்லாம் இந்தத் தூரத்தை இரண்டேகால் மணி நேரத்தில் நடந்துவிடுவேன். பஸ் வந்தபின் கால் அதை மறந்துவிட்டது.

மாலை 6.30. தேவசகாயம் சுவிட்சைத் தட்டினார். "எம்புட்டு நேரம் எரிஞ்சாலும் சிம்னி கறுக்காது அண்ணாச்சி, பாத்தியளா?"

பார்த்தேன். பல்பு கூடத்தின் நடுவே, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கியது. அதைச் சுற்றி அவருடைய நான்கு பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் அவர்களுடைய நிழல்.

"வயர்க்காரன் உச்சியில மாட்டிட்டுப் போனான் அத்தான்," என்றாள் என் கொழுந்தியாள் மேரி. "அரிக்கேன் இருந்த எடத்துல வெளக்கு இல்லாட்டி எனக்குக் கை ஓடல. நாந்தான் எறக்கச் சொன்னேன்."

எனக்குள் சர்க்கரை கரைந்தது. கிரேஸுக்கு அங்கே உட்கார இடமே இல்லை! வயரைத் தூக்கிக் கட்டினால் கூடம் முழுக்க வெளிச்சமாகும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

7.00. திரும்புகிற பஸ்ஸில் கரி பிடிக்கவில்லை. "கரி ஈரம் சார். செத்த நேரம் ஆகும்," என்றார் கண்டக்டர். உட்கார்ந்திருந்தேன். முந்தின வாரம் எங்கள் வீட்டு அரிக்கேனில் குனிந்து படித்துக் கருகிய கிரேஸின் முன்முடி நினைவுக்கு வந்தது. தலையைத் திருப்பிக்கொண்டேன். அடுப்பை ஊதுகிறவன் ஊதிக்கொண்டே இருந்தான்.

எழுந்து அவர்கள் வீட்டுக்கே நடந்தேன். விளக்கை அணைக்கச் சொல்லி, முக்காலியில் ஏறி, வயரைச் சுருட்டி உத்தரத்துக் கொக்கியில் கட்டினேன். தேவசகாயம் மறுபடி தட்டினார். கூடம் மூலைவரை வெளுத்தது.

"அய்யோ, இம்புட்டு ஒட்டடையா!" என்று மேரி விளக்குமாற்றைத் தேடி ஓடினாள்.

"எங்க வெளக்குல எங்க மானத்தையே வாங்கிட்டியளே அண்ணாச்சி!" என்று சிரித்தார் தேவசகாயம். "பிள்ளைய எப்ப அனுப்புதிய?"

"திங்கக்கிழமை," என்றேன்.

கிரேஸ் போய் இரண்டு வாரமாகிறது. இங்கே அரிக்கேன் முன் நானும் அவள் அம்மாவும் மட்டும், மண்ணெண்ணெய் மிச்சமாகிறது. நேற்று வந்த கடிதத்தில் கடைசி வரி: "அரிசியில் கல் பொறுக்கத் தோதாயில்லை என்று சித்தி விளக்கை மறுபடியும் இறக்கிவிட்டாள்." பிள்ளை வேடிக்கைக்கு எழுதினாளா, மெய்யா என்று நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மெய்யாக இருந்தால் அழைத்து வந்துவிடலாம்; வேடிக்கையென்றால் நான் தனியாகத்தான் திரும்ப வேண்டும்.