கால் மாறிய சுளுக்கு

சென்ற மாதம் ஏ.டி.எம். வாசலில் இருந்த ஒரே ஒரு படியை இரண்டென்று நினைத்து இறங்கியதில் என் கணுக்கால் பிசகிவிட்டது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்து செல்போனில் தேடினேன். வந்திருப்பது சாதாரணச் சுளுக்காக இருக்கலாம், எலும்பு முறிவாக இருக்கலாம், ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம் என்று போட்டிருந்தது. சாதாரணமானதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டேன். இன்சூரன்ஸ் காகிதங்கள் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று மனைவியிடம் மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தபோது, அவள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் காலில் அழுத்தினாள். "சுளுக்குத்தானுங்க. மொதல்ல அந்தப் போனைக் கீழ வையுங்க, வீக்கம் தன்னால வடியும்" என்றாள். வீக்கம் வடிந்துவிட்டது. வலி மட்டும் கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

போகாத சுளுக்கு என்றாலே எனக்கு அக்காவின் கணவர் ஞாபகம்தான் வரும். என் வாழ்க்கையின் முதல் பெரிய பதற்றமே அவருடைய சுளுக்கால் வந்தது.

அதற்கு முன்னால் என் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். நான் காலைப் போட்டுப் பிறந்தவன். எல்லாப் பிள்ளைகளும் தலையை முதலில் நீட்டி உலகத்துக்கு வர, நான் காலை நீட்டி வந்தேன். அப்படிப் பிறந்த பிள்ளை மிதித்தால் எப்பேர்ப்பட்ட சுளுக்கும் விட்டுவிடும் என்பது நாமக்கல் பக்கத்தில் எங்கள் ஊர் நம்பிக்கை. விடிந்ததும் வெறும் வயிற்றில் மூன்று தரம் மிதிக்க வேண்டும். மிதிக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. வகுப்பில் கடைசி பெஞ்சில் கிடந்த எனக்கு இதனால் தெருவில் தனி மரியாதை. டெய்லரின் முதுகும் டவுன் பஸ் கண்டக்டரின் இடுப்பும் என் காலடியில் குப்புறப் படுத்து முனகியிருக்கின்றன. பிறக்கும்போது செய்த தப்புக்கு இவ்வளவு உபசாரம் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

அக்காவைப் பள்ளிபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா வீட்டில் இரண்டு விசைத்தறி. மாமாவும் அக்காவும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அதற்கு மேல் சமையல், தண்ணீர், துணி எல்லாம் அக்காவுக்கு. மாமாவின் அப்பா இல்லை. வீடும் தறியும் அவருடைய அம்மாவின் அதிகாரத்தில் இருந்தன. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன், கூடிய வரையில் தூரத்திலிருந்து.

ஒரு சனிக்கிழமை அக்காவும் மாமாவும் வந்தார்கள். திங்கட்கிழமை தறிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு. அப்பா கோழிப்பண்ணையில் மேற்பார்வை வேலை பார்த்தார். நாளெல்லாம் பண்ணைக் கோழியோடு இருக்கிறவர், மாப்பிள்ளைக்கு அது ஆகாது என்று ஒரு நாட்டுச் சேவலை வாங்கி வந்தார். அது கட்டவிழ்த்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு, எங்கள் பேச்சில் பொடக்காளிக்கு, ஓடியது. அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற தைரியத்தில் மாமா துவைக்கிற கல்லைத் தாண்டிப் பாய்ந்தார். வலது கால் கல்லைத் தாண்டியது. இடது கால் சாக்கடைக்குள் போனது. சேவல் கூரை மேல் ஏறி நின்று கூவியது.

இடது கணுக்கால் பன் மாதிரி உப்பிவிட்டது. அப்பா மொபெட்டில் வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனார். எலும்புக்கு ஒன்றுமில்லை, துணிக்கட்டுப் போட்டுக் காலை உயர்த்தி வைத்துச் சில நாள் ஊன்றாமல் இருந்தால் போதும் என்று அவர் சொல்லி அனுப்பினார். காலை உயர்த்தி வைக்க என் தலையணை போயிற்று. படுக்க என் கட்டில் போயிற்று. படுத்தபடி பார்க்க டி.வி.யும் போயிற்று.

டாக்டர் சொன்னதோடு விட்டால் அது எங்கள் வீடா? அம்மா முதலில் புளியையும் உப்பையும் கொதிக்க வைத்துப் பற்றுப் போட்டாள். அப்புறம் உளுந்தை அரைத்து முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூசித் துணி சுற்றினாள். விரிசல் விட்ட முட்டைகள் பண்ணையிலிருந்து தினமும் வந்ததால் பூச்சுக்குப் பஞ்சமில்லை. காய்ந்ததும் அந்தக் கால் பொரிக்க வேண்டிய பலகாரம் மாதிரி ஆகிவிடும். எறும்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பூனை வந்து மாமாவின் காலடியிலேயே குடியேறியது. விடிந்ததும் நான் பல்கூட விளக்காமல் போய் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூன்று மிதி மிதிப்பேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா, இப்பத்தான் தேவலை சாமி" என்பார்.

தேவலை என்பார், எழுந்து நடக்கச் சொன்னால் நொண்டுவார். திங்கட்கிழமை போயிற்று, அடுத்த திங்கட்கிழமையும் போயிற்று. வீக்கம் வடிந்து கணுக்கால் பழையபடி எலும்பும் தோலுமாகத் தெரிந்தது. நொண்டல் மட்டும் நிற்கவில்லை. மூலைக் கடைக்கு அத்தையிடமிருந்து போன் வரும்போதெல்லாம் அம்மா ஓடிப் போய், "இன்னும் ஊன முடியலீங்களாமா" என்று சொல்லிவிட்டு வருவாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் கால் பொய்த்துப் போகிறது என்ற சேதி தெருவில் பரவிக்கொண்டிருந்தது. "ஏண்டா, ஊட்டு மாப்ளைக்கே உடமாட்டீங்குதாமா?" என்று டெய்லர் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது பெஞ்சுக்கு அடியில் என் காலையே பார்ப்பேன். மதிய மணி அடித்ததும் ஓடி வந்து மாமாவின் காலைப் பார்ப்பேன். திரும்ப ஓடுவேன்.

அந்த நாட்களில் அக்கா என்ன செய்தாள் என்று கேட்டால், தூங்கினாள். நான் பள்ளிக்கூடம் போகும்போது தூங்கினாள், வரும்போதும் தூங்கினாள். கணவன் நொண்டிக்கொண்டிருக்க இப்படி ஒரு தூக்கமா என்று எனக்கே கோபமாக இருந்தது. அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றும் நடந்தது. காலுக்குப் பூச அரைத்த உளுந்து போக மிச்சத்தை அம்மா தினமும் களியாகக் கிண்டினாள். கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, அதை அக்காவுக்கு மட்டும் கொடுத்தாள். அடிபட்டவருக்கு இல்லை, வைத்தியம் பார்த்த எனக்கும் இல்லை. கேட்டால், "அது உனக்கு ஆகாது, போடா" என்று விரட்டினாள்.

அதனால் ஒரு நாள் விடிகாலையில், மிதிக்கப் போகும் வழியில், அடுப்போரம் மூடி வைத்திருந்த களியில் விரலை விட்டு ஒரு உருண்டை எடுத்து விழுங்கினேன். அந்த வயிற்றோடு போய் மாமாவின் காலை மிதித்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு ஓடி வந்தவன் ஜன்னல் வழியே பார்த்தேன். மாமா தண்ணீர்ப் பானைக்கு நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தார். இடது காலை அழகாக ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்துப் போனார்.

வெறும் வயிற்றில் மிதிக்க வேண்டிய சுளுக்கை எச்சில் வாயோடு மிதித்ததில் அது கோபித்துக்கொண்டு அடுத்த காலுக்குத் தாவிவிட்டது என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகமில்லை. தாவக் கற்றுக்கொண்ட சுளுக்கு ஒரு காலோடு நிற்குமா? முழங்காலுக்கு ஏறும், இடுப்புக்கு ஏறும், கழுத்தைப் பிடிக்கும். அவரை முடித்துவிட்டு அக்காவிடம் போகும். அவள் தூங்கித் தூங்கிக் கிடப்பதே அதனால்தானோ என்னவோ. அப்பா மொபெட்டை உதைக்கும்போது அவர் காலை உற்றுப் பார்த்தேன். பூனையைத் தூக்கி நான்கு காலையும் அமுக்கிப் பார்த்ததில் அது என் கையைக் கீறிவிட்டது. பூனைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டேன். சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருந்தேன், எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

அந்தக் கோலத்தில் நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்த மறுநாள்தான் அத்தை பஸ்ஸை விட்டு இறங்கினார். கையில் ஆரஞ்சும் ரொட்டிப் பாக்கெட்டும். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"ஏனுங்க, ஒரு சுளுக்கு இத்தன நாளைக்கா இருக்கும்? ரெண்டு தறியும் சும்மா நிக்குது. நோவறது அங்க வந்து நோவட்டுமுங்க. பொழுதோட ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மகனைப் பார்த்து, "எங்க, நடடா பாக்கலாம்" என்றார்.

மாமா எழுந்தார். அவசரத்தில் வலது காலை நொண்டினார்.

முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்தது எனக்குப் பீறிட்டுவிட்டது. அத்தையின் முன்னால் போய் விழுந்து ஓவென்று அழுதேன். "எல்லாம் என்னாலதானுங்க அத்தை! களி தின்னுட்டு மிதிச்சுட்டனுங்க! பீச்சாங்கால்ல இருந்த சுளுக்கு சோத்தாங்காலுக்குத் தாவிருச்சுங்க!"

அம்மா என் வாயைப் பொத்துவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன். மாமா எந்தக் காலைத் தூக்குவதென்று தெரியாமல் இரண்டையும் ஊன்றி நன்றாக நிமிர்ந்து நின்றார். அத்தை காலைப் பார்க்கவில்லை.

"களியா? ஆருக்குச் சாமி களி?"

"அக்காவுக்குங்க. தினமும் அவளுக்கு மட்டும். பொழுதன்னைக்கும் தூங்கறதுக்குக் களி!"

அங்கே இருந்தவர்களில் விஷயம் தெரியாதவர்கள் அதுவரை இரண்டு பேர், அத்தையும் நானும். அந்தப் பதிலுக்குப் பிறகு நான் ஒருவன்தான்; அந்தக் களியைப் பெண்களுக்கு எப்போது கொடுப்பார்கள் என்பது அத்தைக்குத் தெரியும். அக்காவுக்குக் கரு தங்காமல் கலைந்திருந்தது. மாமாவோடு அவள் பஸ் ஏறி வந்ததே அதற்குப் பிறகுதான். புகுந்த வீட்டில் இன்னும் கரு நின்றதையே சொல்லியிருக்கவில்லை. கலைந்ததைச் சொல்லியிருந்தால் எதைத் தூக்கினாய், எப்போது தூக்கினாய் என்று கேள்வி வந்திருக்கும். படுத்துக்கொள் என்று ஒரு வார்த்தை வந்திருக்குமா என்பது மாமாவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அம்மாவை எதிர்த்துப் பேசத் தெரியாத அந்த மனிதரிடம் இருந்தது தற்செயலாகப் பிசகிய ஒரு கால். அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். இதெல்லாம் எனக்கு மீசை முளைத்த பிறகு தெரிந்தது.

அத்தை அக்கா படுத்திருந்த அறைக்குள் போனார். கதவைப் பாதி சாத்தினார். அக்கா பதறி எழுந்திருக்கும் வளையல் சத்தம் கேட்டது. "படு கண்ணு, படு" என்ற குரல் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து வெளியே வந்தவர் கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்துகொண்டார். சண்டைக்குத்தான் அப்படி முடிவார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எண்ணெய் இன்னும் தாராளமா ஊத்துங்க" என்றார் அம்மாவிடம்.

மாமா மெதுவாக, "தறி..." என்று இழுத்தார்.

"நான் ஓட்டிக்கறேன். நீ உன்ற காலைப் பாரு." வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் என் நினைவு வந்ததுபோல் திரும்பினார். "ரெண்டு காலையும் மிதிச்சு உடு சாமி. வெறும் வவுத்துல. அவசரமில்ல." அடுத்த பஸ்ஸிலேயே தனியாகப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு வேலை இரட்டிப்பானது. ஒரு காலுக்கு மூன்று, இன்னொரு காலுக்கு மூன்று. மாமா இரண்டு கணுக்காலிலும் பூச்சோடு சட்டமாகப் படுத்துக்கொண்டு மிதி வாங்கினார். எந்தச் சுளுக்கும் மேற்கொண்டு எங்கும் தாவவில்லை என்றாலும், நான் நிம்மதியாக இல்லை. அவர் முழங்காலைத் தினமும் தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் பொடக்காளியில், மாமா நொண்டுவதை நான் அச்சு அசலாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முறை இடது, ஒரு முறை வலது. துணி காயப் போட வந்த அக்கா பார்த்துவிட்டாள். கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டுத் துரத்தினாள். துவைக்கிற கல்லைச் சுற்றி, முருங்கை மரத்தைச் சுற்றி, மூச்சிரைக்க ஓடி வந்து எட்டிப் பிடித்து என் முதுகில் நாலு வைத்தாள். வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அவருக்கு இரண்டு காலும் ஒன்றாகக் குணமாகிவிட்டன. மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அக்காவின் பெட்டியையும் அவரே தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். நான் முதுகு எரிய எரிய, கடைசியில் எப்படி மிதித்தேன் என்று பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் ஜன்னல் ஜன்னலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.