என் பேரில் இருந்த மருதமுனை வீடு

டொரொன்டோவில் சின்னதாய் ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது வெளிநாட்டில் ஒன்று என்று கிளம்பினேன். வெளிநாடு என்றால் வேறெங்கு, பிறந்த ஊர்தான். மருதமுனையில் என் சீதன வீடு இருக்கிறது. அலைச்சறுக்கலுக்கு அறுகம்பேக்குப் போகும் பயணிகள் வழியில் தங்குவதற்கு அதை மாற்றிவிடலாம் என்று திட்டம். கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் போனேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

கொழும்பிலிருந்து கல்முனைக்குக் குளிரூட்டிய பஸ்ஸில் ஒன்பது மணி நேரம், 2,800 ரூபாய். அங்கிருந்து மருதமுனை நான்கு கிலோமீற்றர். ஆட்டோவுக்கு 500 கொடுத்தேன். சாரதி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"காணி வாங்கவா வந்தீங்க? அறுகம்பேப் பக்கம் இப்ப வெல கேக்க ஏலா."

"எனக்குச் சொந்த ஊடு இரிக்கி" என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே.

அந்த வீட்டில் என் தங்கை ஜெஸீமா குடும்பத்தோடு இருக்கிறாள். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மூத்தவள் எனக்குக் கட்டியதோடு வாப்பாவின் கை ஓய்ந்துவிட்டது. கனடாவுக்குப் போகும்போது "நீயே இரு" என்று தங்கையிடம் சாவியைக் கொடுத்தேன். கொடுத்தது சாவியை மட்டுந்தான், வீட்டு உறுதிப் பத்திரத்தை அல்ல.

மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, தங்கை மகள் ரிஸ்னாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தங்கை முன்பே சொல்லியிருந்தாள். நான்தான் அளவு நாடாவும் கையுமாக அறை அறையாகத் திரிந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் உம்மா கூரையை நோட்டம் விட்டபடி கேட்டார்.

"ஊடு ஆருட பேர்ல இரிக்கி?"

தங்கை என்னைப் பார்த்தாள். 'புள்ளைக்குத்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"என்ட பேர்ல. வாடகைக்கு உடப் போறன்" என்றேன்.

வந்தவர்கள் தேநீரைக் குடித்தார்கள், இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தைத் தொடவில்லை. "இன்ஷா அல்லாஹ், சொல்லி அனுப்புறம்" என்று எழுந்தார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

"இத எனக்கிட்டயாவது முன்ன சொல்லியிரிக்கலாமே ராத்தா" என்றாள் தங்கை. அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. அன்று இரவே அளவு நாடாவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஆலோசனை என்று கேட்டால் இவைதான். கனடாக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் சட்டத்தரணியிடம் கேட்காமல் காணி பேச வேண்டாம். அறுகம்பேக்குப் பொத்துவில் பஸ்ஸில் போகலாம். ஓகஸ்டில் அறைகள் முன்பதிவில்லாமல் கிடைக்காது. வாடகையைக் கணக்குப் போடுமுன், அந்த வீட்டில் யார் வாழ்கிறார்கள், அவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு தரம் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

கனடா திரும்புமுன் தங்கையையும் ரிஸ்னாவையும் கல்முனைக்கு, உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் கூட்டிப்போனேன். யாருடைய பேருக்கு நன்கொடை உறுதி எழுதுவது என்று அவர் கேட்க, நான் ரிஸ்னாவைக் காட்டினேன்.

"எனக்கு வேணா பெரியம்மா" என்றாள் அவள். "உம்மாட பேருக்கு எழுதுங்க. இவ்வளவு காலமும் சுவத்தில ஒரு ஆணி அடிக்கிறண்டாலும் அவ கனடாவுக்குப் போன் எடுத்து உங்களுக்கிட்டக் கேட்டுத்தான் அடிச்சவ."

அந்த அழைப்புகளை நான் தொல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.