மக்கின்ரையர் என்றால் யாருடைய மகன்?

என்ன வேலை என்று யாராவது கேட்டால், கனகலிங்கத்தார் "கவுன்சிலிலை" என்பார். பொய் சொன்னார் என்று ஒருவரும் பழி போட முடியாது. கவுன்சில் என்கிற நகரசபையின் வீடுகளுக்குக் கதவும் சன்னலும் செய்து பூட்டுகிற தச்சுவேலை என்ற மிச்சத்தைத்தான் விழுங்கிவிடுவார். குடிவந்த வெள்ளைக்காரர் நாட்டில், ஆர்ச்வே முருகன் கோயிலில் பன்னிரண்டு வருடமாக அவரை மேசை வேலை பார்க்கிற கந்தோர்க்காரர் என்றே நினைத்திருந்தார்கள்.

ஆனால் கலியாணப் பேச்சென்று வந்தால் நம்மவர்கள் சும்மா விடுவார்களா? கொழும்புக்கு ரெலிபோன் போட்டாவது துருவி எடுத்துவிடுவார்கள். தகப்பன் தச்சுவேலை செய்கிற ஓடாவி, பாட்டனும் ஓடாவி என்று தெரிந்ததும், மகள் அருள்மலருக்கு வந்த இரண்டு சம்பந்தமும் நின்றுபோயின. பிள்ளை வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தாள். அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

தொண்ணூற்று மூன்றில் அவளே ஒருவனைக் கோலியர்ஸ் வுட்டில் இருந்த வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கூட வேலை செய்கிற ஸ்கொட்லாந்துப் பொடியன், ஈயன் மக்கின்ரையர். வெள்ளைக்காரன் என்பது கனகலிங்கத்தாருக்குப் பெரிதாகப் படவில்லை. இவன் வீட்டாரும் விசாரித்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? தன்னால் இன்னொரு தரம் பிள்ளை தலைகுனியக் கூடாது என்பதே அவருடைய யோசனையாக இருந்தது.

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. பேசுவதற்கு ஒன்றும் அகப்படாமல், "தம்பியின்ரை பேருக்கு என்ன கருத்தெண்டு கேள் பிள்ளை," என்றார்.

அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அருள்மலர் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"மக் எண்டால் மகனாம், அப்பா."

"அது எங்கடை சொல்லெல்லோ. மிச்சம்?"

"ஓடாவியின்ரை மகன். அவையின்ரை பழைய பாசையிலை அதுதானாம் கருத்து."

பலகாரத் தட்டோடு வந்த மனைவி கமலாம்பிகை வாசலிலேயே நின்றுவிட்டாள். "வெள்ளைக்காரரிலும் ஓடாவியோ?"

"அதை ஊரறியப் பேரிலையே வைச்சிருக்கினமோ?" என்றார் கனகலிங்கத்தார்.

"ஓம் அப்பா. பரம்பரை பரம்பரையா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரம் எடுத்தது.

ஆவணியில் பதிவுத் திருமணம். கையெழுத்து வைக்குமுன் பதிவுகாரி விவரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பின்வரிசைகளில் கோயில் ஆட்கள் இருபது பேர் இருந்தார்கள்.

"மணமகளின் தகப்பனார் என்ன தொழில்?"

"கவுன்சிலிலை..." என்று அருள்மலர் முந்திக்கொண்டாள். அப்பாவைக் காப்பாற்றுகிறாளாம். தன் காய்த்துப்போன உள்ளங்கையால் அவளுடைய கையை அவர் மெல்லப் பிடித்தார்.

"கார்ப்பென்ரர்," என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. பிறகு பதிவுகாரிக்கு விளங்காத தமிழில், "என்ரை அப்பாவும் அதுதான்," என்றார்.